"பார்த்துச் செய்யுங்கோ தம்பி" என்று சொன்னால் அடுத்து என்ன கேட்பீர்கள்?

திருமலைக் கமரா:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் 9 வருடமாகக் கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து வருகிறேன். நாங்கள் மூன்று பேர். முதல் கமரா நான், இரண்டாவது கமராவுக்கு ஒரு தம்பி, எடிட் செய்ய இன்னொருவர். போன மாதம் முடித்துக் கொடுத்த ஒரு கலியாண வீடியோ என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பெண் வீடு லிங்கநகரில். தகப்பன் ஓய்வு பெற்ற ஆசிரியர். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் கதைத்தோம். எத்தனை கமரா, அல்பம் எத்தனை பக்கம், ட்ரோன் வேண்டுமா, முற்பணம் எவ்வளவு என்று நான் வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டேன். எழும்பும்போது "வேற ஏதும் இருக்கா ஐயா?" என்றேன். "என்ட அண்ணா கனடாவில இருந்து வாறார். பார்த்துச் செய்யுங்கோ தம்பி" என்றார். நான் "சரி ஐயா" என்றேன். அவரும் "சரி" என்றார்.

வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள், வேலை தரமாக இருக்க வேண்டும் என்று சொல்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை லண்டனில் இருப்பவர். அவர் வட்ஸ்அப்பில் மூன்று இன்ஸ்டாகிராம் வீடியோக்களை அனுப்பி "இப்படி வேணும் அண்ணா" என்று போட்டிருந்தார். எல்லாம் மெதுவாக ஓடும் காட்சிகள். கை, பூ, புகை, கடற்கரையில் சூரிய அஸ்தமனம். நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

தாலிகட்டு நன்றாக வந்தது. அதற்குப் பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அறுகரிசி போடத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை அனுப்பிய காட்சிகள் மனதில் இருந்ததால் கமராவை விநாடிக்கு 50 பிரேமுக்கு மாற்றி, 85 மில்லிமீற்றர் லென்ஸைப் போட்டு, கைகளையும் விழுகிற அரிசியையும் மட்டும் கிட்டத்தில் எடுத்தேன். இரண்டாவது கமராத் தம்பியைச் சாப்பாட்டு மண்டபத்துக்கும் வெளியில் காரை அலங்கரிக்கிற இடத்துக்கும் அனுப்பிவிட்டேன்.

பின்னேரம் உப்புவெளிக் கடற்கரைக்குப் போனோம். அங்கே நின்று "சூரியன் எந்தப் பக்கம் விழும் அண்ணா?" என்று மாப்பிள்ளை கேட்டார். உப்புவெளிக் கடல் கிழக்கில் இருக்கிறது. அங்கே சூரியன் கடலில் உதிக்கும், மறைவது பின்னால் இருக்கிற தென்னைகளுக்கும் கட்டடங்களுக்கும் பின்னால். இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. மூன்று வீடியோவைப் பார்த்துக் கட்டைவிரல் அனுப்பிய நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். உடனே காரைத் திருப்பி உட்துறைமுக வீதிக்கு ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது பாதி இருட்டு.

இது பரவாயில்லை, வருத்தம்தான். பெரிய விஷயம் மூன்று கிழமைக்குப் பிறகு நடந்தது. வீடியோவைக் கொடுத்த அன்று இரவு தகப்பன் தொலைபேசி எடுத்தார். கோபமே இல்லை. "தம்பி, அண்ணா எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய அண்ணா 31 வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வந்திருக்கிறார். அறுகரிசி போடும்போது பிள்ளையின் தலையில் கை வைத்து ஏதோ சொல்லி அழுதிருக்கிறார். என்னிடம் அவருடைய இரண்டு கையும் பாதி வேகத்தில் ஓடும் 11 விநாடியாக இருக்கிறது. மணிக்கூடு தெரிகிறது, சட்டைக் கை தெரிகிறது. முகம் இல்லை. மெதுவாக ஓடும் காட்சிக்கான அந்த முறையில் என் கமரா ஒலியைப் பதியாது. ஆகவே அவர் சொன்னதும் இல்லை.

அந்த ஐயா எனக்குச் சொல்லியிருந்தார். விறாந்தையில் வைத்து, தனக்கு வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொன்னார். நான் கேட்கவில்லை.

முதல் சந்திப்பில் நீங்கள் என்ன கேட்பீர்கள்? எழுதி வாங்குவீர்களா? எங்கள் ஆட்களிடம் ஒப்பந்தம் என்று தாளை நீட்டினால் நம்பிக்கை இல்லையோ என்று மனம் நோகிறார்கள். காசு கொடுப்பவர் ஒருவர், விருப்பம் சொல்பவர் இன்னொருவர் என்றால் யாருடைய சொல்லை எடுப்பீர்கள்?

உப்புவெளி அண்ணன்:

தம்பி, எழுதியதற்கு நன்றி. நான் 2004க்கு முன்னமே, கசெட் கமராக் காலத்தில் தொடங்கியவன். இப்போது அதிகமாக விடுதிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும்தான் எடுக்கிறேன். ஆனால் கலியாண வீட்டில் பட்ட அடிகள் மறக்கவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் எங்களுடைய விலைப்பட்டியலில் இருக்கிற கேள்விகள். எத்தனை கமரா, எத்தனை பக்கம். அதற்கு அவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்கள் மனதில் இருப்பது அந்தப் பட்டியலில் இல்லை. நான் இப்போது முதலில் கேட்பது இதுதான்: "இந்த வீடியோவை யாரோட இருந்து பார்ப்பீங்கள்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மனிதர்கள் தானாகவே பெயர்களைச் சொல்வார்கள். அம்மம்மா வர முடியாது, படுக்கையில் இருக்கிறா, அவவுக்குக் காட்ட வேணும் என்பார்கள். அண்ணா 31 வருடத்துக்குப் பிறகு வாறார் என்பார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, அவர் எப்படி இருப்பார், எந்தப் பக்கம் இருப்பார், எப்போது மணவறைக்கு வருவார் என்று கேட்க வேண்டும்.

அடுத்தது, எங்களுக்கு முகம் தெரியாது. 400 பேர் நிற்கும் மண்டபத்தில் பெரியப்பா யார் என்று கமராவுக்கு எப்படித் தெரியும்? குடும்பத்தில் எல்லோரையும் தெரிந்த ஒரு மச்சானையோ மச்சாளையோ கேட்டு வாங்குங்கள். அறுகரிசி நேரத்தில் அவர் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். "இவர் முக்கியம்" என்று காதில் சொன்னால் போதும். நான் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு முக்கியமான ஒரு முகமும் தவறவில்லை.

"சரி" என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் "சரி" என்றால் சம்மதம் என்று மட்டும் பொருள் இல்லை. கேட்டேன் என்பதற்கும் சரி, கதை முடிந்தது என்பதற்கும் சரி, உங்களுடன் வாதாட விருப்பமில்லை என்பதற்கும் சரி. அதனால் நான் எழும்புவதற்கு முன் "ஐயா, நான் விளங்கிக்கொண்டதைச் சொல்லுறன், பிழை என்றால் திருத்துங்கோ" என்று முழுவதையும் என் வாயால் திருப்பிச் சொல்வேன். அப்போதுதான் "இல்லைத் தம்பி, நான் சொன்னது அதில்லை" என்பது வரும். நீங்கள் அன்றைக்கு "வெளிநாட்டு ஆட்கள் வருகினம், தரமாச் செய்யவேணும், அதுதானே ஐயா?" என்று கேட்டிருந்தால் அவர் அந்த இடத்திலேயே அண்ணாவின் கதையைச் சொல்லியிருப்பார்.

"முழு வீடியோ" என்ற சொல்லும் அப்படித்தான். தகப்பனுக்கு அது வந்தவர்கள் எல்லோரும் தெரிகிற மூன்று மணி நேரம். மாப்பிள்ளைக்கு நாலு நிமிடப் பாட்டு. ஒரு கமராவால் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. இவை இரண்டு வேலை. இரண்டுக்கும் தனித் தனியாக விலை சொல்லி, அறுகரிசியில் ஒரு கமரா முக்காலியில் அகலமாக, ஒலியோடு, அசையாமல் நிற்கும் என்று சொல்லிவிடுங்கள். காசு கொடுப்பவரா விருப்பம் சொல்பவரா என்ற சிக்கல் அப்போது பாதி குறையும். மீதிக்கு, "கடைசிச் சொல் யாருடையது?" என்று இரண்டு பேரும் இருக்கும்போது கேளுங்கள். இலண்டனில் இருப்பவரை ஒரு வீடியோ அழைப்பில் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தே கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் இரண்டு பதில்தான் வரும்.

எங்கள் ஊருக்கு என்று சில "முடியாது"கள் இருக்கின்றன. அவற்றையும் விறாந்தையிலேயே சொல்லிவிட வேண்டும். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால். உள்ளே இராணுவம் இருக்கிறது. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானப்படைத் தளமும் இருக்கிற நகரம் இது. ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் பதிவும் அனுமதியும், பாதுகாப்புத் தரப்பின் அனுமதியும் வேண்டும். விலைப்பட்டியலில் ட்ரோன் என்று போட்டுவிட்டு, கலியாணத்தன்று காலை "இங்கே பறக்க விடமாட்டார்கள்" என்று சொன்னால் எங்களைப் பொய்யர் என்றுதான் நினைப்பார்கள். சூரியன் கதையும் அதே. கடலும் சூரியனும் ஒன்றாக வேண்டும் என்றால் விடியற்காலை ஐந்தரைக்கே உப்புவெளியில் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். வருவதா இல்லையா என்பதை மாப்பிள்ளை தீர்மானிக்கட்டும்.

தாள் நீட்டுவது பற்றி: ஒப்பந்தம் என்று சொல்லாதீர்கள். கலியாணத்துக்குச் சாமான் பட்டியல் எழுதாத வீடு உண்டா? அதைப்போல ஒரு பட்டியல். எங்கள் தமிழில், ஒரு பக்கத்தில், அவர்களுக்கு முன்னாலேயே கையால் எழுதுங்கள். எழுதி முடித்து ஒரு படம் எடுத்து அவர்களுக்கும் அனுப்புங்கள். எனக்கு ஒருவரும் மனம் நோகவில்லை.

நிலாவெளி அக்கா:

தம்பி, நான் கமரா பிடிக்கிற ஆள் இல்லை. ஆறு அறை உள்ள ஒரு சின்ன விடுதி நடத்துகிறேன். வீடியோ எடுப்பித்து வருத்தப்பட்ட பக்கத்தில் இருந்து எழுதுகிறேன்.

வெளியூரில் இருந்து ஒரு குழு வந்தது. பெயர் வேண்டாம், நல்ல பிள்ளைகள். "4கே வேணுமா அக்கா?" என்று கேட்டார்கள். எனக்கு அது என்னவென்று தெரியாது. கேட்க வெட்கமாக இருந்தது. "ஓம்" என்றேன். "கிறேடிங் செய்யவா?" படத்தின் நிறத்தைச் சரிசெய்வதாம். அதற்கும் ஓம். நாங்கள் ஓம் என்று சொல்வது விளங்கியதால் இல்லைத் தம்பி, விளங்கவில்லை என்று காட்ட விருப்பமில்லாததால். அதை நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை முடிந்து ஒரு ஹார்ட் டிஸ்க் தந்தார்கள். என் ஃபோனில் போட முடியவில்லை. அழகான படம், அகலமான படம். ஆனால் எனக்கு ஆட்கள் வருவது இன்ஸ்டாகிராமிலும் வட்ஸ்அப்பிலும். அங்கே எல்லோரும் ஃபோனை நிமிர்த்திப் பிடித்துத்தான் பார்க்கிறார்கள். நெடுக்காக வெட்டித் தாருங்கள் என்றேன். வெட்டினால் ஒரு படத்தில் என் சமையல்காரம்மாவின் பாதி முகம், இன்னொன்றில் கடல் மட்டும், கதிரையைக் காணோம். எடுக்கும்போதே தெரிந்திருந்தால் நடுவில் வைத்து எடுத்திருப்போம் என்றார்கள். அது நியாயம்தான். ஆனால் இதை எங்கே போடப் போகிறீர்கள் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லையே. ஃபோனைக் கையில் எடுத்து "இப்படிப் பிடித்துப் பார்ப்பீங்களா, இப்படித் திருப்பிப் பார்ப்பீங்களா?" என்று காட்டியிருந்தால் சின்னப் பிள்ளையும் பதில் சொல்லும்.

அவர்கள் வந்தது நவம்பரில். புறாமலைத் தீவு கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அவர்களும் ஓம் என்றிருந்தார்கள். வாடைக் காற்று தொடங்கினால் இங்கே கடல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அது தேசியப் பூங்கா, 2003இல் அறிவித்தது, வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்க வேண்டும் என்பதையும் நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மூன்று நாள் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். சாப்பாடும் அறையும் என் கணக்கு. இது என் பக்கத்துப் பிழை. ஊர்க்காரருக்குத் தெரிந்ததை ஊர்க்காரர் சொல்ல வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு வாருங்கள் என்ற ஒரு வசனத்தில் முடிந்திருக்கும்.

திருத்தம் சொன்னதிலும் பிழை விட்டேன். நான் குரல் பதிவாக அனுப்புவேன், என் கணவர் தனியாக அனுப்புவார், சுவிசில் இருக்கிற தம்பி இன்னொன்று அனுப்புவார். பாட்டை மாற்று என்று நான், பாட்டு நல்லது என்று அவர். அந்தப் பிள்ளைகள் யாருடைய சொல்லைக் கேட்பார்கள்? பிறகு ஒரு நாள் மூன்று பேரும் ஒன்றாக இருந்து பார்த்து, ஒரு தாளில் எழுதி, நான் மட்டும் அனுப்பினேன். இரண்டு நாளில் முடிந்தது.

உங்கள் ஐயாவின் கதையை வாசித்துக் கண் கலங்கிவிட்டது. அவரை ஒருக்கால் நேரில் போய்ப் பாருங்கள்.

எடிட் மேசை:

அக்கா சொன்ன நெடுக்கு வீடியோவுக்கு ஒரு கணக்கு. 4கே என்பது 3840க்கு 2160 பிக்சல். அதன் நடுவில் இருந்து நெடுக்காக வெட்டினால் 1215க்கு 2160 கிடைக்கும். இன்ஸ்டாகிராமுக்குத் தேவை 1080க்கு 1920தான், ஆகவே தாராளம். ஆனால் 1920க்கு 1080இல் எடுத்ததை வெட்டினால் அகலம் 607 மட்டுமே. அதை இழுத்துப் பெரிதாக்கினால் மங்கும். ஆக, நெடுக்கு வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் எடுக்கும் நாளுக்கு முன் தெரிய வேண்டும். எனக்கு வந்து சேரும்போது கேட்டுப் பயனில்லை.

திருத்தம் அனுப்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "அந்த நீலச் சாறி அக்கா வாற இடம்" என்று சொல்லாமல் "2 நிமிடம் 14 விநாடி" என்று சொல்லுங்கள். நீலச் சாறியோடு இருபது அக்காமார் வருகிறார்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும், பிறகு "ஏன் மங்கல்?" என்று கேள்வி வரும். கோப்பாக அனுப்புங்கள்.

பெயர்கள்: கலியாண அட்டையைப் படம் எடுத்துத் தாருங்கள், அதில் உள்ள எழுத்துத்தான் வீடியோவிலும் வரும். அட்டை அடித்தவரிடம் கோப்பு வாங்கினால் அது பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். யூனிகோட் எழுத்தில் போட்டால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அதைச் சரிபார்க்காமல் விட்டு ஒரு மணப்பெண்ணின் பெயர் பிழையாகப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, முக்கியமானது. திருமலை அண்ணா, மூலப் பதிவுகள் இன்னும் இருக்கின்றனவா? அழித்துவிட்டீர்களா? விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி போகும், அதனால் பல பேர் உடனே அழிக்கிறார்கள். இருந்தால், மாப்பிள்ளைக்கு சேட்டில் குத்தும் மைக் போட்டிருந்தீர்களா? அந்தப் பதிவை முழுவதும் கேட்டீர்களா?

திருமலைக் கமரா:

தம்பி, நீங்கள் கேட்டதைப் பார்த்தவுடன் எழும்பிப் போய் டிஸ்க்கைச் செருகினேன்.

ஐயர் சொல்லும் மந்திரமும் மாப்பிள்ளை திருப்பிச் சொல்வதும் தெளிவாக வர வேண்டும் என்று அவருடைய சட்டையில் சின்னப் பதிவுக் கருவியோடு ஒரு மைக் குத்தியிருந்தேன். தாலிகட்டு முடிந்ததும் நிறுத்த மறந்துவிட்டேன். அது தானாக ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எடிட் செய்யும்போது தாலிகட்டு வரைக்கும்தான் எடுத்தோம், மீதியை ஒருவரும் கேட்கவில்லை.

கைகள் வரும் காட்சியின் நேரத்தை வைத்து அந்த இடத்தைத் தேடினேன். தவில் சத்தத்துக்குள் இருக்கிறது. பெரியவர் ஒருவர் பிள்ளையின் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். பிறகு, "உன்ர அப்பாவை நான் தூக்கி வளர்த்தனான்" என்கிறார். அதற்குப் பிறகு குரல் உடைந்துவிடுகிறது.

இரண்டாவது கமராத் தம்பியின் பதிவுகளையும் பார்த்தேன். முகம் இல்லை. சொந்தக்காரர்கள் யாராவது ஃபோனில் எடுத்திருப்பார்கள், ஐயாவிடம் கேட்டு வாங்கலாம் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை லிங்கநகருக்குப் போகிறேன். மாப்பிள்ளையையும் அந்த நேரம் அழைப்பில் வரச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் சொன்னபடி, யார் யார் முகம் வேண்டும் என்று ஐயாவிடம் கேட்டு அவருக்கு முன்னால் எழுதப் போகிறேன். அறுகரிசிப் பகுதியை முழுவதும் திரும்பவும் வெட்டித் தருவேன், காசு வாங்கமாட்டேன்.

அடுத்த மாதம் மூதூரில் ஒரு கலியாணம். நேற்று அவர்களுடன் கதைத்தபோது "யாரோட இருந்து பார்ப்பீங்கள்?" என்று கேட்டுப் பார்த்தேன். பெண்ணின் தாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வாய் பேசாத ஒரு தங்கச்சி இருக்கிறா, சனக்கூட்டத்துக்குப் பயம், மண்டபத்துக்கு வரமாட்டா, அவவுக்குக் காட்ட வேணும் என்றார். விலை பற்றி அதுவரைக்கும் இரண்டு பேரும் கதைக்கவே இல்லை.

உப்புவெளி அண்ணன்:

நல்லது தம்பி. அந்தக் குரலை வட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பிவிடாதீர்கள். முதலில் அவர் மட்டும் கேட்கட்டும். வீடியோவில் சேர்ப்பதா, தங்களோடு வைத்திருப்பதா என்பதை அவரும் மகளும் சொல்லட்டும். ஃபோன் வீடியோ கேட்கும்போது கனடா அண்ணாவின் பிள்ளைகளிடம் முதலில் கேளுங்கள், தகப்பன் அழுத நேரத்தை அவர்கள்தான் எடுத்திருப்பார்கள்.

எடிட் மேசை:

ஃபோன் வீடியோ கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள் அண்ணா. ஃபோனில் பெரும்பாலும் விநாடிக்கு 30 பிரேம், அதுவும் கூடிக் குறையும். உங்களுடையது 25. நேரடியாகப் போட்டால் உதடும் குரலும் விலகும், நான் மாற்றித் தருகிறேன். தவில் சத்தத்தையும் கொஞ்சம் குறைக்கப் பார்க்கலாம்.

சனிக்கிழமை போகும்போது நல்ல ஹெட்ஃபோன் ஒன்று கொண்டு போங்கள். மடிக்கணினி ஸ்பீக்கரில் அந்த மேளத்துக்குள் அவருக்குக் குரல் கேட்காது.